பார்வையற்றோரும் பெற்றோரற்ற பிள்ளைகளும்: கர்மமா? சர்க்கார் கடமையா?

மீஞ்சூருக்கு "வடகாஞ்சி" என்று ஒரு பெயர் உண்டு. ஏகாம்பரேசுவரரும் வரதராஜப் பெருமாளும் ஒரே ஊரில் குடியிருப்பதால் இந்தப் பெருமையாம். இருக்கட்டும். இந்த ஊரில் கண் தெரியாத ஒருவர் தமக்குரிய உதவிகளைக் கேட்க எங்கே போகவேண்டும்? மாவட்ட ஆபீசு இருக்கும் திருவள்ளூருக்கு! ரயிலில் போவதென்றால் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து வண்டியில் தெற்கே பேசின் பிரிட்ஜ் வரை வந்து, இறங்கி, அரக்கோணம் மார்க்கத்து வண்டி பிடித்து மறுபடியும் மேற்கே போகவேண்டும். கண்ணுள்ளவனே தடுமாறும் பிரயாணம் இது. இணையத்தில் மனுப் போடலாமே என்பார்கள். பார்வையும் படிப்பும் இல்லாத கிழவிக்கா இந்த யோசனை?

இதைச் சொன்னால், "அது அவன் போன ஜென்மத்துப் பாவம்" என்று பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். கண்புரை விழுந்தவருக்கு டாக்டர் அரை மணி நேரத்தில் பார்வை கொடுத்துவிடுகின்றாரே, அப்போது அந்தப் பாவம் எங்கே போயிற்று? வைட்டமின் ஏ சத்துக் குறைந்த குழந்தைக்கு மாலைக்கண் வருகின்றது. கீரையும் முட்டையும் சொட்டு மருந்தும் அதைத் தடுக்கின்றன. முருங்கைக் கீரைக்குப் பயந்து ஓடும் கர்மம் என்ன கர்மமோ, நமக்கு விளங்கவில்லை.

நிற்க. பெற்றோரற்ற பிள்ளைகள் விஷயமும் இப்படியே. "பெற்றவரை விழுங்கிய ஜாதகம்" என்று பச்சைக் குழந்தையைத் தூற்றும் வாய்கள் இன்னும் மூடவில்லை. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், இத்தகைய பிள்ளையைத் தக்க குடும்பம் ஒன்று வளர்க்க வழி செய்திருக்கின்றது. 2024-இல் திருத்திய விதிகளின்படி மணமாகாதவரும் விதவையரும்கூட முன்வரலாம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் "அன்புக் கரங்கள்" திட்டம் 2025 செப்டம்பர் 15-இல் தொடங்கப்பட்டது. ஆனால் வளர்க்க வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, "என்ன ஜாதி? என்ன நட்சத்திரம்?" என்பதே. பெரியாரும் மணியம்மையாரும் திருச்சியில் நாகம்மையார் குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகளை வளர்த்தபோது இந்தக் கேள்வி கேட்கவில்லை.

பார்வையற்றோருக்கு அரசு வேலைகளில் நூற்றுக்கு 1 இடம் 2016-ஆம் வருஷத்துச் சட்டப்படி உரிமை. பிச்சையல்ல. பழவேற்காட்டிலிருந்தும் காட்டூரிலிருந்தும் ஜனங்கள் வந்துபோகும் மீஞ்சூரில், பேரூராட்சி ஆபீசிலேயே வாரம் ஒரு நாள் மாற்றுத்திறனாளிகள் நல அதிகாரியும் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரியும் உட்காரட்டும். மனுவைப் படித்துக் காட்டி எழுதித்தர ஒரு குமாஸ்தாவும் இருக்கட்டும். எப்போதோ ஒரு முகாம் போட்டுப் படம் பிடித்துக்கொண்டு போவது போதாது. தோழர்கள் இதற்கான மனுவில் இந்த வாரமே கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கவேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவரின் கைரேகையும் செல்லும்.