ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள்

பிருஹன்மும்பை மாநகராட்சிக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

தேவ்நார் குப்பைமேட்டை ஒட்டிய தெருக்களின் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், பெரும்பாலும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். "சர்க்கார்னா யாரு?" என்று கேட்டால் போலீஸ், முனிசிபாலிட்டி, புல்டோசர் என்று சட்டென்று பதில் வருகிறது. மூன்றுமே நிர்வாகம். சட்டம் போட ஒரு சபை உண்டு, அந்த நிர்வாகத்தையே நிறுத்திக் கேள்வி கேட்க ஒரு நீதிமன்றம் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நாடாளுமன்றம், அமைச்சரவை, நீதித்துறை பற்றியெல்லாம் எட்டாம் வகுப்புக் குடிமையியலில் விரிவாக வருகிறது. எட்டாம் வகுப்பைத் தொடாமலே வேலைக்குப் போனவர்கள் எங்கள் சந்துகளில் இருக்கிறார்கள். ஆகவே ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் அரசின் இந்த மூன்று பிரிவுகளையும் கற்றுத்தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

அதற்கான பாடம் குப்பைமேட்டிலேயே இருக்கிறது. 1927 முதல் இந்த நகரத்தின் குப்பை இங்கே கொட்டப்படுகிறது. 2016 ஜனவரி இறுதியில் மேடு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்தது. நாசாவின் செயற்கைக்கோள் படங்களில்கூட அந்தப் புகை தெரிந்தது. மாநகராட்சிப் பள்ளிகள் பலவற்றுக்கு விடுமுறை விட வேண்டியதாயிற்று. குப்பையை எப்படிக் கையாள்வது என்பதற்குச் சட்டம் உண்டா என்று பிள்ளைகளிடம் கேட்டேன். உண்டு. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது, அதன் கீழ் 2000-இல் மத்திய அரசு திடக்கழிவு விதிகளை வகுத்தது. அவற்றை நிறைவேற்ற வேண்டியது யார்? மாநகராட்சி. நிறைவேற்றாவிட்டால்? 2016 பிப்ரவரி 29 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அபய் ஓகா இடம்பெற்ற அமர்வு, விதிகள் நிறைவேறும்வரை நகரத்தில் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி தரக் கூடாது என்று, சில விலக்குகளோடு, உத்தரவிட்டது.

"ஜட்ஜ் சொன்னா கமிஷனரும் கேக்கணுமா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. கேட்கத்தான் வேண்டும் என்றேன். "அப்ப ஜட்ஜே தப்பா சொல்லிட்டா?" அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது என்று சொல்லி, 2018 மார்ச்சில் அது இந்தத் தடையை நிபந்தனைகளோடு தற்காலிகமாக நிறுத்திவைத்ததையும் சொன்னேன். மேடு ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறது என்று அடுத்த கேள்வி வந்தது. உத்தரவு வந்ததாலேயே வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை ஒளிக்காமல் சொன்னேன். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு நாள் தண்ணீர்க் குழாயை வைத்து இதே பாடத்தை நடத்தினேன். முதலில் ஐந்து பையன்களே விதி போட்டார்கள், அவர்களே தண்ணீர் விட்டார்கள், புகாரையும் அவர்களே விசாரித்தார்கள். வீட்டுக்கு இரண்டு குடம் என்பது விதி. கூட்டாளிகளுக்கு மட்டும் மூன்று குடம் போயிற்று. கேட்டவர்களுக்கு, "அப்படி ஒண்ணும் நடக்கலை" என்று பதில் வந்தது. பிறகு மூன்று வேலையையும் மூன்று குழுவுக்குப் பிரித்துக் கொடுத்தேன். விசாரணைக் குழு மூன்றாவது குடத்தைத் திருப்பித் தரச் சொன்னது. "எங்க வீட்டுல எட்டுப் பேரு, எங்களுக்கும் ரெண்டு குடம்தானா?" என்று ஒரு சிறுமி கேட்டபோது குழு திகைத்தது. கொஞ்சம் பேசிப் பார்த்துவிட்டு, விதியை மாற்றுவது விதி போட்டவர்கள் வேலை, அவர்களிடம் போய்க் கேள் என்று அனுப்பியது. நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

நம் மாநகராட்சியே ஒரு பாடம்தான். 227 உறுப்பினர்கள் கூடி நிதியை ஒதுக்க வேண்டும், ஆணையர் அதைச் செலவிட வேண்டும். 2022 மார்ச்சில் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தபின் இரண்டு பொறுப்பும் நிர்வாகியான ஆணையரிடமே போயின. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் தேர்தல் நடக்க 2026 ஜனவரி ஆகிவிட்டது. 2022 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை நான்காம் வகுப்புக்கு வரும்வரை அவளுடைய வார்டுக்கு உறுப்பினர் இல்லை. இதைச் சொல்லித் தருவது எந்தக் கட்சிக்கும் எதிரானதல்ல.

சீத்தா கேம்ப் பிள்ளைகள் கேட்டே ஆக வேண்டிய கதை ஒன்றும் உண்டு. அவர்களில் பலருடைய தாத்தா பாட்டிகள் ஜனதா காலனியில் வாழ்ந்தவர்கள். கோலார் தங்கவயலில் பிறந்து 1963-இல் பம்பாய்க்கு வந்த ஜாக்கின் அற்புதம் அங்கேதான் பிள்ளைகளுக்குப் பாட்டும் படிப்பும் சொல்லித் தரத் தொடங்கினார். காலனியில் குப்பை அள்ள ஆள் வராதபோது, அந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கட்டிக்கொண்டு போய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டினார்கள். பின்னர் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காகக் காலனியைக் காலி செய்யச் சொன்னபோது, மக்கள் நீதிமன்றப் படியேறினார்கள். அற்புதம் டெல்லிக்குப் போய் நாடாளுமன்றத்தின் வாசலிலேயே உட்கார்ந்தார். ஆனாலும் 1976 மே மாதம், நெருக்கடி நிலையில், காலனி இடிக்கப்பட்டு, அதன் மக்கள் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஏப்ரலில், நெருக்கடி நிலையில் தனிமனித விடுதலைக்காக நீதிமன்றத்தை அணுகும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்திருந்தார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். இந்த அமைப்பு தடுமாறிய காலமும் உண்டு என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். காலனி இடிக்கப்பட்டதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் சீத்தா கேம்ப்பில் இருக்கிறார்கள். அவர்களை ஒரு வகுப்புக்கு அழையுங்கள்.

நான் கேட்பது இதுதான். எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறீர்கள். எங்கள் பகுதி அடங்கிய எம் கிழக்கு வார்டுக்கு மட்டுமாவது, அந்த எட்டு மொழிகளிலும் ஆசிரியர்களுக்கு ஒரு சிறு கையேடு போடுங்கள். அதில் தேவ்நாரும் இருக்கட்டும், குழாயடியும் இருக்கட்டும், ஜனதா காலனியும் இருக்கட்டும். அடுத்து, ராணி பாக் மிருகக்காட்சிசாலைக்குச் சுற்றுலா அழைத்துப் போவதைப்போல, அரசின் மூன்று பிரிவுகளையும் நேரில் பார்க்க ஒரு நாளை ஒதுக்குங்கள். கோவண்டியில் ஹார்பர் லைன் ரயில் ஏறினால் நேரே சிஎஸ்எம்டி. இறங்கினால் எதிரிலேயே உங்கள் தலைமையகம். கோட்டைப் பகுதியில் உயர் நீதிமன்றம், நரிமன் பாயிண்ட் பக்கம் தலைமைச் செயலகமான மந்திராலயமும் சட்டப்பேரவை கூடும் விதான் பவனும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

பேரவையின் குளிர்காலக் கூட்டத்தொடர் வழக்கமாக நாக்பூருக்குப் போய்விடுகிறது. பட்ஜெட் கூட்டத்தொடர் மும்பையில் நடக்கிறது. பிள்ளைகள் காலிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அவை நடக்கும்போதே பார்க்க வேண்டும். அதற்கு அனுமதி கேட்டு விதான் பவனுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் உங்கள் அலுவலகத்திலிருந்து ஜனவரியிலேயே கடிதம் போக வேண்டும். தலைமையாசிரியர்கள் தனித்தனியாக எழுதினால் காலம் போதாது.

இப்படிக்கு,
தேவ்நாரில் மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியை