உச்சவரம்பு குளிப்பாட்டாது

இங்கிலாந்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்பைச் சீராக்க, குடும்பங்கள் செலுத்தும் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தால் போதும், ஊழியர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

பராமரிப்புச் செலவை ஆராய்ந்த டில்னாட் ஆணையம் 2011-இல் பரிந்துரைத்த உச்சவரம்பு 2014-இல் சட்டமானது. தள்ளித் தள்ளிப் போட்டு 2024-இல் கைவிட்டார்கள். அது நடைமுறைக்கே வந்திருந்தாலும், காலையில் பாட்டியை எழுப்பிக் குளிப்பாட்டுவது யார்? 2021-22-இல் அங்கே சுமார் 1,65,000 பராமரிப்புப் பணியிடங்கள் காலியாகக் கிடந்தன.

வீடு வீடாகப் போகும் பணியாளர் பலருக்கு வழியில் கழியும் நேரத்துக்குச் சம்பளமில்லை. சில வீடுகளில் பதினைந்தே நிமிடத்தில் மாத்திரை கொடுத்து, உடை மாற்றி, ஓட வேண்டும். மறதிநோய் உள்ளவருக்குப் பழகிய முகம் வேண்டும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் சாப்பிடக்கூட மறுப்பார். அந்தப் பழகிய முகமோ கூடுதல் சம்பளம் தேடி சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஆள் பற்றாக்குறையை வெளிநாட்டவரை வைத்துச் சமாளித்தார்கள். 2022-இல் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா திறந்தது. 2024-இல் குடும்பத்தை அழைத்துவரத் தடை வந்தது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து ஆளெடுப்பதே நின்றது. இனி உள்ளூர்க்காரர் வர வேண்டும், வந்தவர் தங்க வேண்டும். பராமரிப்புச் சீர்திருத்தத்தை ஆராயும் கேசி ஆணையம், தன் அறிக்கையில் ஊதியத்தையும் பயிற்சியையும் முதல் அத்தியாயத்தில் எழுதட்டும். கட்டணத்தை அடுத்ததில் பேசலாம்.