கோடிகள் என்றால் நன்கொடையா?

தேர்தல் நெருங்கினால் புதுச்சேரியில் நம் ஜும்ஆ மேடைகள் சூடாகின்றன. வாக்குக்குப் பணம் வாங்குவது ஹராம் என்று கூலித் தொழிலாளியை எச்சரிக்கிறோம், எச்சரிக்க வேண்டியதுதான். ஆனால் கோடிகளைச் சுமந்து ஆட்சியாளரின் வாசலுக்குச் செல்பவரைக் குறித்து ஏன் வாய் திறப்பதில்லை?

2018 முதல் நடப்பிலிருந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில், எவர் எக்கட்சிக்குக் கொடுத்தார் என்பது மக்களுக்கு மறைக்கப்பட்டது. நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 7.5 விழுக்காடு வரையே கட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்ற வரம்பும் 2017இல் நீக்கப்பட்டிருந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை ரத்து செய்த பின்னரே பட்டியல் வெளிவந்தது. முதலிடம் யாருக்கு? 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய ஃபியூச்சர் கேமிங் என்னும் லாட்டரி நிறுவனத்துக்கு!

பத்திரங்களால் மிக அதிகம் பெற்றது பாரதிய ஜனதா. அதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆனால் 2003 முதல் லாட்டரிக்குத் தடையுள்ள தமிழ்நாட்டில், நம்மவர் பலர் ஆதரிக்கும் திமுகவும் அந்நிறுவனத்திடம் 509 கோடி பெற்றது. சூதாட்டப் பணம் நண்பர் கைக்கு வந்தால் தூய்மையாகிவிடுமா?

ஜகாத் வசூலித்துத் திரும்பிய இப்னுல் லுத்பிய்யா, ஒரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பு என்றார். பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அது தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அதிகாரமோ அதை அடையும் வாய்ப்போ இல்லாத கட்சியை இக்கோடிகள் தேடி வந்திருக்குமா?

பத்திரம் ஒழிந்தாலும் பெருநிறுவனப் பணம் தேர்தல் அறக்கட்டளைகள் வழியே தொடர்கிறது. ஆதரவு கேட்டு ஜமாஅத்துக்கு வரும் வேட்பாளருக்குச் சால்வை போர்த்தும் முன், அவர் கட்சிக்குப் பணம் தந்தவர் எவர் என்று முத்தவல்லிகள் கேட்கட்டும்.