ஜிஎஸ்டி பூஜ்யமான 2 கேன்சர் மருந்துகள்: செல்லின் 'குப்பைத் தொட்டி'க்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்?

2025 செப்டம்பரில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் நினைவிருக்கிறதா? கார், டிவி, ஷாம்பு விலை எவ்வளவு குறையும் என்று நாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அதே கூட்டத்தில் 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து பூஜ்யமானது. செப்டம்பர் 22 முதல் அமலுக்கும் வந்தது.

அந்தப் பட்டியலில் டெபோடினிப், அமிவான்டமாப் என்று இரண்டு பெயர்கள் உண்டு. இரண்டுமே நுரையீரல் புற்றுநோய்க்கான மருந்துகள். இவை யாருக்கு வேலை செய்யும், வரிக் குறைப்பால் யாருக்கு லாபம் என்பது புரிய, ஒரு செல் தன் பழைய பொருட்களை எப்படித் தூக்கிப் போடுகிறது என்று முதலில் பார்க்கணும்.

செல்லின் காலிங் பெல்

செல்லின் வெளிச்சுவரில் ரிசெப்டர் என்ற புரதங்கள் இருக்கின்றன. வாசல் காலிங் பெல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சிக் காரணி என்ற இன்னொரு புரதம் வந்து அழுத்தினால், 'வளரு, இரண்டாகப் பிரி' என்ற செய்தி உள்ளே போகும்.

பெல் அடித்துக்கொண்டே இருந்தால் ஆபத்து. அதனால் ஆரோக்கியமான செல், அடித்து முடித்த பெல்லையே சுவரிலிருந்து கழற்றி உள்ளே இழுத்துக்கொள்கிறது. சிபிஎல் என்ற புரதம் அதன் மேல் யுபிக்விட்டின் என்ற 'அழித்துவிடு' ஸ்டிக்கரை ஒட்டுகிறது. ஸ்டிக்கர் இருந்தால் லைசோசோம் என்ற குப்பைத் தொட்டிக்குப் போய்ச் சிதைந்துவிடும். இல்லையென்றால் மறுபடியும் சுவருக்கே திரும்பி வரலாம். இந்த யுபிக்விட்டின் முறையைக் கண்டறிந்த மூவருக்குத்தான் 2004-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்டிக்கர் ஒட்ட இடமில்லாவிட்டால்?

மெட் என்ற ரிசெப்டரில் நடப்பது இதுதான். அதற்கான மரபணுவில் 'எக்ஸான் 14' என்று ஒரு பகுதி உண்டு. சிபிஎல் வந்து ஒட்டிக்கொள்ளும் இடம் அங்கேதான் இருக்கிறது. சிலருடைய புற்றுநோய் செல்களில் அந்தப் பகுதி மட்டும் விடுபட்டுப் போகிறது. செய்தி அனுப்பும் பகுதிக்கு எந்தச் சேதமும் இல்லை. ஆனால் ஸ்டிக்கர் ஒட்ட இடமில்லை. பெல் சுவரிலேயே தங்கி அடித்துக்கொண்டே இருக்கிறது. மிகப் பரவலாகக் காணப்படும் நுரையீரல் புற்றுநோய் வகையில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இந்த மாற்றம் இருக்கிறது.

அதாவது, கேன்சர் என்றால் 'ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்ட கார்' என்று மட்டும் நினைக்க வேண்டாம். சில சமயம் குப்பை எடுக்கும் வேலை நின்றுபோனதும் காரணமாகலாம்.

மருந்துகள் எங்கே கை வைக்கின்றன?

டெபோடினிப் மாத்திரை பெல்லைக் கழற்றுவதில்லை, ஒயரை மட்டும் துண்டிக்கிறது. மெட் ரிசெப்டரின் செய்தி உள்ளே போகாமல் தடுக்கிறது.

அமிவான்டமாப் வேறு ரகம். இது ஊசி வழியாக ஏற்றப்படும் ஆன்டிபாடி. ஒரு கையால் இஜிஎஃப்ஆர் என்ற ரிசெப்டரையும், மறு கையால் மெட் ரிசெப்டரையும் பிடிக்கிறது. பிடித்த ரிசெப்டர்களைச் செல் உள்ளே இழுத்துச் சிதைக்கவும் வைக்கிறது. ஏன் இரண்டு கை? இஜிஎஃப்ஆரை மட்டும் அடைத்தால், சில புற்றுநோய் செல்கள் மெட் வழியாகத் தப்பித்துவிடுகின்றன.

2024 பட்ஜெட்டில் சுங்க வரி நீக்கப்பட்ட டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 ரிசெப்டரைப் பிடித்துக்கொண்டு, அதோடு சேர்ந்து குப்பைத் தொட்டி வரை பயணிக்கிறது. அங்குள்ள என்சைம்கள் இணைப்பை வெட்டியதும், சுமந்து வந்த கீமோ மருந்து செல்லுக்குள்ளேயே வெளியாகிறது. 2024 செப்டம்பரில் இதன் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

சரி, பில் எவ்வளவு குறையும்?

1 லட்சம் ரூபாய் மருந்துக்கு முன்பு வரியோடு 1,12,000 ரூபாய். இப்போது 1 லட்சம். பில்லில் 12 சதவீதம் குறைந்தது போலத் தோன்றும், உண்மையில் 10.7 சதவீதம்தான். இன்னொரு விஷயம்: வரிவிலக்கு பெற்ற பொருளுக்கு, மூலப்பொருளில் கட்டிய வரியை நிறுவனம் திரும்ப எடுக்க முடியாது. அதனால் இந்தியாவிலேயே தயாராகும் மருந்துக்கு இந்த 10.7 சதவீதமும் முழுதாகக் கிடைக்காமல் போகலாம்.

அதைவிடப் பெரிய கேள்வி பரிசோதனைதான். எக்ஸான் 14 விடுபட்டிருக்கிறதா என்பது சாதாரண பயாப்ஸி ரிப்போர்ட்டில் தெரியாது. மரபணு பரிசோதனை வேண்டும். அதிலும் டிஎன்ஏ பரிசோதனையில் தப்பிப்போகும் சில கேஸ்கள் ஆர்என்ஏ பரிசோதனையில் சிக்குகின்றன. அந்தப் பரிசோதனை நடக்கவே இல்லையென்றால், மருந்துக்கு வரி 12 சதவீதமா பூஜ்யமா என்பதில் அந்த நோயாளிக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

வீட்டில் யாருக்காவது நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தால், சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: "இஜிஎஃப்ஆர், மெட் எக்ஸான் 14 இரண்டையும் பார்த்தாச்சா? ஆர்என்ஏ பரிசோதனை தேவைப்படுமா?"

அடுத்து, ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸை எடுத்துப் பாருங்கள். வாய்வழி கீமோதெரபி, ஆன்டிபாடி ஊசி போன்ற நவீன சிகிச்சைகளைக் காப்பீட்டிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அதற்கு நிறுவனங்கள் தனி உச்சவரம்பு வைக்க முடியும். டெபோடினிப் தினமும் வீட்டிலேயே சாப்பிடும் மாத்திரை. ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் பணம் என்ற பாலிசியில் அது மாட்டிக்கொள்ளலாம். உங்கள் பெற்றோரும் அதே பாலிசியில் இருந்தால், இந்த இரண்டு வரிகளையும் இப்போதே ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.