சான்றிதழுக்கு முன்னர் வந்து சேரும் முகம்

1986ஆம் ஆண்டு, சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு நான் புறக்கோட்டைக்கு வேலை தேடி வந்தபோது என்னிடம் இருந்தவை இரண்டு கடதாசிகள். ஒன்று, ஊர்ப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஒருவர் எழுதித் தந்த அரைப் பக்கக் கடிதம். மற்றது, கிராம சேவகரின் நற்சான்றிதழ். மெயின் வீதிப் புடவைக் கடையொன்றின் முதலாளி இரண்டையும் வாங்கி, வாசிக்காமலே கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, "நீ யாருட மகன்?" என்று கேட்டார். சொன்னேன். என் சட்டைக் கொலரையும் காலில் கிடந்த செருப்பையும் ஒருமுறை பார்த்தார். "நாளைக்குக் காலையில ஏழரைக்கு வா" என்றார். என் நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் ஒரு பிள்ளையின் பெயரை ஊரே சேர்ந்து காப்பாற்றியது. பிள்ளை கொஞ்சம் வழி தவறினாலும் வாப்பாவின் பெயர் கை கொடுத்தது. இன்று அப்படியல்ல. இன்று வேலை கேட்டு வரும் பிள்ளை கடைப் படியில் கால் வைப்பதற்கு முன்னரே, அவனுடைய முகம் எங்கள் கையடக்கத் தொலைபேசிக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அது எந்த முகம் என்பதுதான் கேள்வி.

சென்ற நோன்புக்கு முன்னர் எமது கடைக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் கணக்கு எழுத, மற்றவர் இணையத்தில் வரும் ஓடர்களைக் கவனிக்க. வட்ஸ்அப்பில் ஓர் அறிவித்தல் போட்டோம். நான்கு நாட்களில் அறுபதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அவற்றை இருந்து பார்த்த அனுபவத்தைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். இதை வாசிக்கும் உங்களில் பலரும் ஒரே நேரத்தில் முதலாளியாகவும், வேலை தேடும் பிள்ளையின் வாப்பாவாகவும் இருக்கிறீர்கள். ஆகவே இரண்டு பக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வந்தவற்றில் ஏறக்குறைய பாதிப் பேர் சுயவிபரக் கோவையே அனுப்பவில்லை. "ஹாய், வேலை இருக்கா?" என்று ஒரு வரி. பெயர் இல்லை, ஊர் இல்லை. சிலர் குரல் பதிவு அனுப்பினார்கள். ஒருவருடைய குரலுக்குப் பின்னால் யாரோ கரம் விளையாடும் சத்தம் நன்றாகக் கேட்டது. இன்னும் சிலர் சுயவிபரக் கோவையைக் கட்டிலில் போட்டுப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். கடதாசியோடு பெட்சீட்டின் பூவும் தெரிந்தது. மின்னஞ்சல் முகவரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாடசாலைக் காலத்தில் விளையாட்டாகத் திறந்த முகவரியை, இருபத்து நான்கு வயதில் வேலைக்கும் கொடுக்கிறார்கள். "கிங்" என்றும் "டேஞ்சர்" என்றும் பெயர் வைத்தவரிடம் நான் எப்படி எனது காசுப் புத்தகத்தைக் கொடுப்பது?

நான் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. இந்தப் பிள்ளைகளில் பலர் உயர்தரத்தில் வணிகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தவர்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடசாலையும் சொல்லவில்லை, டியூஷன் வகுப்பும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. தன் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி திறக்க ஐந்து நிமிடம் போதும், காசும் வேண்டாம். ஒரு பக்கத்தில் அடங்கும் சுயவிபரக் கோவையைத் தட்டச்சு செய்து, தன் பெயரையே கோப்புக்கும் வைத்து, மேலே இரண்டு வரி ஸலாமும் அறிமுகமும் எழுதி அனுப்பினால், அறுபது பேரில் அந்தப் பிள்ளை முதல் பத்துக்குள் வந்துவிடும். முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை, என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன்.

இனி எனது பிழையைச் சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக ஒருவரைத் தேடினோம். ஒரு பிள்ளையின் விண்ணப்பம் எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. கண்டியில் ஒரு மொத்த வியாபாரத்தில் மூன்று வருடம் இருந்தவர், கணனியும் தெரிந்தவர். என் மகன் வழக்கம் போல முகநூலில் பெயரைப் போட்டுத் தேடினார். அதே பெயர், அதே ஊர்ப் பக்கம். உள்ளே பார்த்தால் சூதாட்ட விளம்பரங்கள், ஆளை ஆள் ஏசும் பதிவுகள், நள்ளிரவு தாண்டிய படங்கள். "வேண்டாம் வாப்பா" என்றார் மகன். நானும் சரி என்றேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு அழைப்புக் கூட எடுக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு கலியாண வீட்டில் அந்தப் பிள்ளையின் வாப்பாவைச் சந்தித்தேன். பேச்சோடு பேச்சாக விஷயம் வந்தது. அவர் மகன் முகநூலே வைத்திருக்கவில்லையாம். நாம் பார்த்தது அதே பெயருடைய வேறு யாரோ. நம்மவர்களின் பெயர்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே! முன்னால் ஒரு மொஹமட், அதன் பின்னால் ஊரில் இருபது பேருக்கு இருக்கும் ஒரு பெயர், இரண்டு முதலெழுத்துக்கள். அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அல்லாஹ் வேறொரு இடத்தை எழுதியிருந்தான்" என்று சிரித்துக்கொண்டு சோற்றுப் பக்கம் திரும்பிவிட்டார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரு பிள்ளையின் பெயரை நான் என் கடைக்குள் வைத்துக் கெடுத்திருக்கிறேன், அது அவருக்குத் தெரியக்கூட இல்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம் விளங்கியது. இணையத்தில் ஒன்றுமே இல்லாமல் இருப்பது பாதுகாப்பு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், அதே பெயருள்ள இன்னொருவர் அங்கே உட்கார்ந்துகொள்வார். அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரோடு, படித்த இடம், செய்த வேலை என்பவற்றை எழுதி ஒரு பக்கம் வைத்திருப்பது நல்லது. லிங்க்ட்இன் என்ற தளம் இதற்கென்றே 2003ஆம் ஆண்டு தொடங்கியது. 2016ஆம் ஆண்டு மைக்ரோசொஃப்ட் கம்பனி அதை 26.2 பில்லியன் டொலருக்கு வாங்கியது. மனிதர்களின் பெயரும் தொழிலும் எழுதிய ஒரு பேரேட்டுக்கு அவ்வளவு விலை! புறக்கோட்டையில் நாம் அதைத் திறந்து பார்ப்பதில்லை என்பது உண்மை. ஆனால் கொழும்புக் கம்பனிகளும் டுபாய், டோஹா கம்பனிகளும் பார்க்கின்றன. உங்கள் மகன் வாழ்நாள் முழுவதும் நமது கடைத் தெருவிலேயே வேலை தேடப் போகிறார் என்று யார் சொன்னது?

மகள்மாரின் விஷயம் வேறு. படத்தைப் போட்டால் யாராவது எடுத்துத் தவறாகப் பாவிப்பார்கள் என்ற பயம் வீட்டில் இருக்கிறது. அந்தப் பயம் வீணானதல்ல. படம் இல்லாமலே பெயர், தகைமை, அனுபவம் எழுதினால் போதுமானது. முதலாளிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: கணக்கு எழுத வரும் ஒரு பெண் பிள்ளையிடம் புகைப்படம் அனுப்பச் சொல்லிக் கேட்பதை நிறுத்துங்கள். கணக்குக்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது விஷயம் நமக்குரியது. தேடிப் பார்ப்பது தவறு என்று நான் சொல்லமாட்டேன். காசும் சரக்கும் ஒப்படைக்கும் ஒருவரைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பது எப்போதும் உள்ள வழக்கம். ஆனால் அன்று விசாரித்தால் பதில் சொல்ல ஒரு மனிதர் இருந்தார், இன்று ஒரு கண்ணாடித் திரை மாத்திரம் இருக்கிறது. கண்டதை அந்தப் பிள்ளையிடமே கேட்டு உறுதி செய்யாமல் தீர்ப்புக் கொடுப்பது அநியாயம். அதோடு, வந்து சேர்ந்த விண்ணப்பங்களுக்கு நாம் என்ன செய்கிறோம்? அடையாள அட்டைப் பிரதியோடு வந்த ஒரு சுயவிபரக் கோவையில் கடலை சுற்றித் தந்ததை நான் என் கண்ணால் கண்டேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று பாராளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. ஒரு தேவைக்காக வாங்கிய விபரத்தை வேறு தேவைக்குப் பாவிக்கக் கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. சட்டம் கிடக்கட்டும், அந்தக் கடதாசி ஓர் அமானிதம் இல்லையா?

எழுதும் விஷயத்தில் நமது பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. 2019 மே மாதம் சிலாபத்தில் நடந்தது நினைவிருக்கும். நம்மவர் ஒருவர், அவரும் ஒரு கடைக்காரர், முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி மிரட்டல் என்று விளங்கிக்கொள்ளப்பட்டது. கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, ஊரடங்குச் சட்டம் போடும் அளவுக்கு விஷயம் போனது. எழுதியவர் கைதானார். அரைகுறையாகத் தெரிந்த மொழியில், கோபம் வந்த நேரத்தில் எழுதினால் என்ன விலை கொடுக்க வேண்டி வரும் என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் தேவையில்லை. வேலை தேடும் பிள்ளை ஒருவர் முன்னைய முதலாளியைப் பற்றிக் குழுமத்தில் ஏசி எழுதுவதும் சிறிய அளவில் இதே கதைதான். பிறகு அழித்துவிட்டேன் என்பார்கள். அழிப்பதற்குள் ஒருவர் ஸ்கிரீன் ஷொட் எடுத்திருப்பார். கெய்சர் வீதியில் சொன்ன சொல் இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போய்ச் சேர ஒரு பிளேன்டி குடிக்கும் நேரம் கூட ஆகாது. முன்னைய இடம் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "சம்பளம் போதவில்லை" என்று சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் அதைக் கேட்டு முகம் சுளிக்கும் முதலாளி இருந்தால், அவரிடம் வேலை கிடைக்காமல் போவதே நல்லது.

நேரில் வருவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. துவைத்து அயர்ன் செய்த சட்டை, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்தி, போன் சத்தமில்லாமல். ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன். எனது மேல் மாடி ஜன்னலில் இருந்து பார்த்தால் ஒழுங்கை முழுவதும் தெரியும். நேர்முகத்துக்கு வந்த ஒரு பிள்ளை, டையெல்லாம் கட்டி மிடுக்காக வந்தார். சாக்கு சுமந்து வந்த நாட்டாமி ஒருவர் வழி கேட்டுக் குரல் கொடுத்தார். இவர் விலகவில்லை. சட்டையில் தூசி பட்டுவிட்டதென்று, வாப்பா வயதுடைய அந்த மனிதரைச் சுமையோடு நிறுத்தி வைத்து ஏசினார். மூன்று நிமிடத்தில் மேலே வந்து, அழகான புன்சிரிப்போடு எனக்கு ஸலாம் சொன்னார். நன்றாகப் பேசினார், ஆங்கிலமும் சுத்தம். நான் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். எமது கடைக்கு நாட்டாமிமார் இல்லாமல் ஒரு மூட்டை உள்ளே வராது.

வெளிநாடு போக நினைப்பவர்கள் மறுபக்கத்து முகத்தையும் பார்க்க வேண்டும். நம்மைச் சோதிக்கிறவனை நாமும் சோதிக்கலாம். கணனி வேலை, பெரிய சம்பளம் என்று சமூக ஊடகத்தில் வந்த விளம்பரங்களை நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் சிக்கி, 2024ஆம் ஆண்டு அரசாங்கம் தலையிட்டுச் சிலரை மீட்டுவர வேண்டி வந்தது. விளம்பரத்தில் கண்ணாடிக் கட்டடமும் கோட் சூட்டும் இருந்தால் கம்பனி உண்மை என்றாகாது. முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பத்தரமுல்லையில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்காமல் கடவுச்சீட்டைக் கையில் கொடுக்க வேண்டாம். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

நான் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மகன் எதைத் தேடி எடுத்தாலும், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, போனை மேசையில் வைத்து, "தம்பி, இது நீங்களா?" என்று கேட்டுவிடுவேன். இந்த முறை கணக்கு வேலைக்கு வந்த பிள்ளையிடமும் கேட்டேன். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தூக்கி ஓடும் படம் ஒன்று இருந்தது. குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இல்ல ஹாஜியார், இது எங்கட சாச்சாட மகன். ரெண்டு பேருக்கும் மூத்தவாப்பாட பேர்தான் வெச்சிருக்கு." பிறகு தன்னுடைய பக்கத்தைத் திறந்து காட்டினார். அதில் ஒரு படமும், படித்த பாடநெறியும், பிரயோசனமில்லாத நாலைந்து கிரிக்கெட் பதிவுகளும் இருந்தன. அவர் இப்போது எமது கடையில்தான் கணக்கு எழுதுகிறார். சாச்சாவின் மகனுக்கும் வேலை தேவையாம். அந்தப் படத்தை எடுத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.