வோல்டேஜ் பொருந்தினால் போதுமா?

"எல்இடி மூணு வோல்ட், பேட்டரியும் மூணு வோல்ட். நடுவுல ரெசிஸ்டர் எதுக்கு?" அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி செய்யும் மாணவரும் கேட்கிறார், வண்டிக்கு அலங்கார விளக்கு மாட்டுபவரும் கேட்கிறார். கேட்பதோடு நிற்காமல் ரெசிஸ்டரைக் கழற்றியும் விடுகிறார்கள். எல்இடி கருகினால் பழி எல்இடி மேல் விழுகிறது: "மட்டமான சரக்கு." சரக்கில் குறையில்லை, கணக்கில்தான் குறை.

இந்த நம்பிக்கை குண்டு பல்பிலிருந்து வந்தது. பல்பின் டங்ஸ்டன் இழை சூடேறினால் அதன் மின்தடை பல மடங்கு உயர்ந்து, மின்னோட்டம் தானாக அடங்கும். அங்கே வோல்டேஜ் பொருந்தினால் போதும். எல்இடியோ ஒரு டயோடு. ஓர் அளவைத் தாண்டியபின் 0.2 வோல்ட் கூடினாலே மின்னோட்டம் இரட்டிப்பாகக்கூடும். சூடேறினால் அதற்குத் தேவைப்படும் வோல்டேஜ் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் குறையும். கொடுக்கும் வோல்டேஜ் குறையாததால் மின்னோட்டம் ஏறும், அதனால் சூடு இன்னும் ஏறும். பல்பு தன்னைக் காத்துக்கொள்ளும். எல்இடிக்கு அந்தக் குணம் கிடையாது.

அந்த "மூணு வோல்ட்" என்பதும் நிலையான எண் அல்ல. ஒரே பாக்கெட்டில் வாங்கிய வெள்ளை எல்இடிகளிலேயே ஒன்று 3.0 வோல்ட்டிலும் இன்னொன்று 3.3 வோல்ட்டிலும் அதே அளவு மின்னோட்டத்தை எடுக்கும். 3.7 வோல்ட் என்று அச்சிட்ட லித்தியம் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனதும் 4.2 வோல்ட் தரும். இரண்டு பக்கமும் அசையும்போது எதை எதோடு பொருத்துவது?

"என் சாவிக்கொத்து டார்ச்சில் ரெசிஸ்டரே இல்லை, எரிகிறதே" என்பார்கள். இருக்கிறது. அதிலுள்ள பட்டன் பேட்டரியின் உள் மின்தடைதான் அந்த வேலையைச் செய்கிறது. உள் மின்தடை குறைந்த பேட்டரிக்கு அந்த எல்இடியை மாற்றினால் காவல் போய்விடும்.

ஏதோ ஒரு ரெசிஸ்டரைப் போட்டாலும் தப்ப முடியாது. 12 வோல்ட் வண்டியில் மூன்று வெள்ளை எல்இடிகளைத் தொடராக இணைத்தால் அவை 9.6 வோல்ட் எடுக்கும். மீதி 2.4 வோல்ட்டுக்கு 120 ஓம் போட்டால் 20 மில்லிஆம்பியர் என்று கணக்குச் சரியாகத் தெரியும். ஆனால் எஞ்சின் ஓடும்போது சார்ஜிங் வோல்டேஜ் 14.4 வரை போகும். அப்போது ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 4.8 வோல்ட், மின்னோட்டம் ஏறக்குறைய 40 மில்லிஆம்பியர். சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடி அதை நெடுநேரம் தாங்காது.

எனவே முதலில் மின்னோட்டத்தை முடிவு செய்யுங்கள். 15 மில்லிஆம்பியர் தாராளம். பிறகு வண்டி தரக்கூடிய உச்ச வோல்டேஜிலிருந்து எல்இடிகளின் வோல்டேஜைக் கழித்து, மின்னோட்டத்தால் வகுங்கள். 4.8ஐ 0.015ஆல் வகுத்தால் 320. கடையில் கிடைக்கும் அடுத்த மதிப்பு 330 ஓம். எஞ்சின் நின்றதும் வெளிச்சம் சற்று மங்கும், விளக்கு பிழைத்திருக்கும். ஓரிரு ரூபாய்ப் பொருளை மிச்சம் பிடிக்கப்போய் விளக்கையே இழப்பது சிக்கனமாகாது.