வீட்டுத் தோட்டம்: தொட்டியில் சீமை அத்தி

மாடியில் தொட்டி வைத்துச் சீமை அத்தி வளர்க்கும் நேயர்கள் இருவிதமான குறைகளைச் சொல்லுவதுண்டு. பிஞ்சுகள் சுண்டைக்காய் அளவிலேயே உதிர்ந்துவிடுகின்றன என்பது ஒன்று. பழுக்குந் தறுவாயில் காய் வாய் பிளந்து புளித்துப் போகிறது என்பது மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு வியாதிகளாகத் தோன்றினும் பெரும்பாலும் மூலகாரணம் ஒன்றே: ஜலம் ஒழுங்கின்றி வார்க்கப்படுவதுதான்.

முதலில் ஓர் ஐயத்தைப் போக்கிவிடுவோம். அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்னும் பழமொழி நம் நாட்டு அத்தியைப் பற்றியது. அதன் பூக்கள் காய்க்குள்ளேயே மறைந்திருப்பதால், சின்னஞ்சிறு குளவிகள் உட்புகுந்து மகரந்தம் சேர்க்கின்றன. சீமை அத்தியிலும் ஸ்மிர்னா ஜாதிக்கு இவ்வுதவி தேவை. அதற்காகவே கலிபோர்னியாவில் 1899-ஆம் ஆண்டில் அக்குளவியைக் குடியேற்றினார்கள். ஆனால் புனா ஜாதிக்குக் குளவியின் தயவு வேண்டுவதில்லை. புனாவை அடுத்த புரந்தர் வட்டாரத்தில் விளையும் அத்திக்கு 2016-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. நம் தொட்டிகளுக்கும் இந்த ஜாதியே உகந்தது.

நிலத்தில் நிற்கும் மரம் ஈரத்தைத் தேடி வேரை நெடுந்தூரம் ஓட்டும். தொட்டி மரத்துக்கோ நாம் கொடுப்பதே கதி. வாய் அகலம் 15 முதல் 18 அங்குலமுள்ள தொட்டி வேண்டும். அடியில் துவாரங்கள் அடைபடாமல் இருத்தல் அவசியம். தினமும் கடிகாரத்தைப் பார்த்து ஜலம் விடுவது முறையன்று. விரலை 2 அங்குலம் மண்ணில் அழுத்திப் பாருங்கள். உலர்ந்திருந்தால் அடித் துவாரத்தில் ஜலம் வடியும் வரை வாருங்கள், ஈரமிருந்தால் விட்டுவிடுங்கள். கோடையில் மண் தொட்டிக்குத் தினந்தோறும், சில சமயம் இரு வேளையும் தேவைப்படலாம். இலையுதிர்ந்து மரம் ஓய்ந்திருக்கும் காலத்தில் மிகவும் குறைக்க வேண்டும். மண்ணின்மேல் சருகோ தென்னை நாரோ பரப்பினால் ஈரம் நெடுநேரம் நிற்கும். இலைமேல் ஜலம் தெளிக்கலாகாது. நனைந்த இலையில் துரு நோய் எளிதில் பரவும்.

காய் பருக்கும்போது மண்ணைக் காயவிட்டுப் பிறகு திடீரென்று ஏராளமாக வார்த்தால், உட்சதை விரைவில் விம்ம, தோல் இடங்கொடாமல் வெடிக்கிறது. நிறம் மாறத் தொடங்கியபின் ஜலத்தைச் சற்றே குறைப்பது சுவைக்கும் நல்லது. மராத்தி நாட்டு விவசாயிகள் மழைக்கால விளைச்சலைப் புளிப்புப் பருவம் என்றும், கோடை விளைச்சலை இனிப்புப் பருவம் என்றும் பெயரிட்டிருப்பது காரணமின்றி அன்று.

இனிப் பழத்தைக் காக்கும் விஷயம். மாங்காயைப்போல் அத்திக்காயைப் பறித்து வைக்கோலில் பழுக்க வைக்க இயலாது. மரத்தை விட்டு நீங்கியபின் அதில் இனிப்பு ஏறுவதில்லை. ஆகவே, அணிலுக்கும் கிளிக்கும் அஞ்சி முன்னதாகப் பறிப்பவர்கள் பல மாதப் பிரயாசையைத் தாமே வீணாக்குகிறார்கள். நிறம் மாறும் தருணத்தில் மெல்லிய மல் துணியால் பை தைத்து, காற்றுப் புகும்படி தளர்வாகக் கட்டிவிடுவதே தக்க வழி. மரம் முழுவதையும் மூடுவதானால் மூங்கில் சட்டமிட்டு வலையை இறுக்கமாகக் கட்டுங்கள். தொங்கும் வலையில் பக்ஷிகள் சிக்கி மடியும். எறும்புக்கு, ஜலம் நிரப்பிய தட்டில் செங்கல் வைத்து, ஜலம் தொடாதபடி அதன்மேல் தொட்டியை நிறுத்தலாம். கொசு பெருகாதிருக்க ஜலத்தை அடிக்கடி மாற்றுவது நலம். வெடித்த பழத்தை அன்றே அகற்றிவிட வேண்டும். அதன் புளித்த வாடை ஈக்களை அழைத்துவரும்.

காம்பு வளைந்து, பழம் தலை கவிழ்ந்து, தொட்டால் மெத்தென்றிருப்பதே பறிக்கும் பக்குவம். காலையில் காம்போடு பறியுங்கள். காம்பிலிருந்து வடியும் பால் தோலில் எரிச்சல் உண்டாக்குமாதலால் கையைக் கழுவிக்கொள்ளவும். பழம் ஓரிரு நாட்களுக்குமேல் தாங்காது. கடையில் விற்கும் உலர்ந்த அத்தியில் பெரும்பகுதி ஆப்கானிஸ்தானத்திலிருந்து வருகிறது. பழுத்த பழத்தின் ருசியை அறிய வேண்டுமானால் வீட்டு மாடியே உத்தமம்.

அறுவடைக்குப்பின் கிளைகளைக் கவாத்துச் செய்யும் முறையை அடுத்த வாரம் கவனிப்போம்.